எஸ்தர் சாகவில்லை

அந்தப் பிள்ளை சாகவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். குழாய்க்குள் விழவும் இல்லை, தண்ணீரோடு போகவும் இல்லை. இன்று காலையில்கூட, ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் வழியில், என் வாசலில் நின்று பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்தாள். சீனி பத்தவில்லை என்று குறை சொன்னாள். பிறகு கம்பளியை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனாள். பெயர் எஸ்தர். பள்ளிவாசல் என்கிற எங்கள் ஊருக்கு மேலே ரோட்டோரத்தில் ஒரு சிமெண்டுச் சிலுவை நிற்கிறதே, பொம்மையும் மெழுகுவத்தியும் வளையலுமாகக் குவிந்து கிடக்கிறதே, அதில் எழுதியிருக்கும் எஸ்தர் இவள்தான்.

இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் ஷீபா. ஆயுள் முழுக்க நான் ஆயாவாக இருந்த எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகமான கிரெச்சில் இப்போது ஆயாவாக இருக்கிற பெண். நல்ல பெண்தான். போன வாரம் கையில் ஒரு நோட்டீசோடு வந்தாள். அந்த எஸ்தர் கதைப் புத்தகத்துக்குப் பொன்விழாவாம். கிரெச் பிள்ளைகளுக்கெல்லாம் நீலக் கவுன் மாட்டி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மாதிரி பாசிமணி தொங்கவிட்டு மேடையேற்ற வேண்டுமாம்.

"ஆயா, அந்தக் கதை நம்ம கிரெச்சுல பொறந்ததுன்னு சொல்றாங்கள்ல? நீங்க வந்து ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. சந்தோஷமா ரெண்டு வார்த்தை, போதும்" என்றாள்.

சந்தோஷமாவாம்! எனக்கு நல்லா வாயில் வந்தது. சின்னப் பெண்ணாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். "என் கோவமே அரை மணி நேரம் வரும் ஷீபா, பத்து நிமிஷத்துல நான் எங்க பேச?" என்றேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மேடையில் வாசித்தால் வாசிக்கட்டும். இல்லையென்றால் அடுப்புப் பற்றவைக்கட்டும்.

என் பெயர் ஞானம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்று அப்பா சொல்வார், நான் பிறந்ததென்னவோ எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில்தான். கல்யாணமான வருஷமே கிரெச்சில் சேர்ந்துவிட்டேன். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. முதலில் மூக்குத் துடைத்தேன், பிறகு துணி அவித்தேன், அதற்கப்புறம் எல்லாமே செய்தேன். எனக்கு மேலே ரூத்தக்கா இருந்தார், மூத்த ஆயா. நான் ஒன்றைத் தப்பாகச் செய்தால் என் கையிலிருந்து வாங்குவார், ஒரு வார்த்தை பேசாமல் தானே செய்வார், திரும்ப என் கையில் கொடுப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

ரூத்தக்கா ஒரு பிள்ளையிடமும் "அழாதே" என்று சொன்னதில்லை. நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் வாயைத் திறந்து ஒரு பாடம் சொன்னார். "அழாதேன்னா அது நம்மளுக்குப் பயந்து நிப்பாட்டும். அது ஏன் நம்மளுக்காக நிப்பாட்டணும்? அது அழுவுறது அதோட அம்மாவுக்கு."

அந்த அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியும்போதே பனியில் ஓடி வருவார்கள். பிள்ளையை எங்கள் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். திரும்பிப் பார்த்தால் பெரட்டுக்கு நேரமாகிவிடும், அன்றைய வேலை போய்விடும். முற்பகலில் பால் கொடுக்க ஒருமுறை இறங்கி வருவார்கள், கொழுந்து நிறுத்துப் போட்டபிறகு சாயங்காலம் கூட்டிப்போக வருவார்கள். நடுவில் இருக்கிற நேரமெல்லாம் அழுகைதான். பழைய சேலையில் கட்டிய தூளிகள் வரிசையாகத் தொங்கும், தவழுகிறது ஒருபக்கம், நடக்கிறது ஒருபக்கம். ஒன்று அழ ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதற்காக ரூத்தக்கா உண்டாக்கியதுதான் அந்தக் கதை.

மலை மேலிருந்து பவர்ஹவுசுக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய இரும்புக் குழாய்களை எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். காதை வைத்தால் உள்ளே இரைச்சல் கேட்கும். கதையில், அம்மா மலைக்குப் போன பிறகு பனி வந்து வழியை மூடிவிடும். பிள்ளை அம்மாவைத் தேடிக் குழாய் வரைக்கும் வரும். உள்ளேயிருந்து தண்ணீர், "வாரியா, நானும் கீழேதான் போறேன்" என்று கூப்பிடும். பிள்ளை உள்ளே போகும். உள்ளே கண்ணில்லாத மீன்கள் உண்டு, அவை பிள்ளையின் கண்ணைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கிப் பார்க்கும். மழையைத் தரம் பிரிக்கிற கிழவன் ஒருவன் உண்டு, இது தேயிலைக்கு, இது வெளிச்சத்துக்கு என்று பிரித்துக்கொண்டிருப்பான். கடைசியில் சக்கரத்தம்மா. பெரிய உருவம், நிற்காமல் சுற்றுவாள். "உன்னை விட்டுட்டுப் போனது யாரு? எப்ப வருவா? வந்தா என்ன சொல்லுவா?" என்று கேட்பாள். மூன்றுக்கும் பதில் சொன்னால் பிள்ளை வெளிச்சமாகிவிடும். கம்பி வழியாக மலையெல்லாம் தாண்டி ஓடி, தன் வீட்டு பல்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா வந்து சுவிட்சைப் போடுவாள். பளிச்சென்று பிள்ளை!

எங்கள் லயத்தில் அப்போது பல்பே கிடையாது. எங்கள் தலைக்கு மேலேயே கம்பி போகும். எங்கேயோ இருக்கிற ஊர்களுக்கெல்லாம் வெளிச்சம் போகும், நாங்கள் சிம்னி விளக்கைத் துடைத்துக்கொண்டிருப்போம். "கதையிலயாவது நம்ம லயத்துக்குக் கரண்டு வரட்டும்டி" என்பார் ரூத்தக்கா.

இது வெறும் கதை இல்லை, வேலை. இதற்கு முறை இருந்தது. குழாய்க்குள் போகிற பிள்ளைக்குப் பெயர் கிடையாது. அன்றைக்கு எந்தப் பிள்ளை ரொம்ப அழுகிறதோ அதன் பெயரைத்தான் வைப்போம். சக்கரத்தம்மாவின் கேள்விகளுக்கு அந்தப் பிள்ளையே வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். "அம்மா பாக்கியம் விட்டுட்டுப் போச்சு", "சாயங்காலம் வரும்", "வா தங்கம்னு சொல்லும்." பேச்சு வராத பிள்ளை என்றால் நாங்கள் அதன் காதில் சொல்லிக்கொடுப்போம். சொல்லச்சொல்ல அதற்கே நம்பிக்கை வந்துவிடும், அம்மா வருவாள் என்று.

ரூத்தக்கா எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். என் இடம் ஜன்னல். பால் கலக்கிக்கொண்டே ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பாக்கியக்கா வருது" என்று நான் மெதுவாகச் சொன்னால் போதும், மீனையும் கிழவனையும் அப்படியே விட்டுவிட்டு ரூத்தக்கா நேராகச் சக்கரத்துக்குப் போய்விடுவார். வளைவிலிருந்து வாசலுக்கு ஒரு பொம்பளை நடந்து வருகிற நேரத்துக்குள் கேள்வி, பதில், கம்பி, பல்பு எல்லாம் முடிந்திருக்கும். அம்மா நிலைப்படியில் கால் வைக்கும்போது இங்கே, "பளிச்!" பிள்ளை பாய்ந்து போய் இடுப்பில் ஏறும். பிள்ளையை ஒப்படைக்கிற முறை அது.

பாதியில் மட்டும் விடக்கூடாது. இது ரூத்தக்காவின் ஒரே சட்டம். யாராக இருந்தாலும் சரி, பிள்ளை குழாய்க்குள் இருக்கும்போது எழுந்து போகக்கூடாது. ஒருநாள் மேனேஜர் தொரையே கிரெச்சைப் பார்க்க வந்தார். ரூத்தக்கா எழுந்திருக்கவில்லை, கையை மட்டும் காட்டினார், கொஞ்சம் பொறுங்கள் என்று. தொரை வெராந்தாவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  பிள்ளை பல்புக்குள் வந்து சேர்ந்தபிறகுதான் ரூத்தக்கா எழுந்து வணக்கம் சொன்னார். ஒருமுறை பேய்மழைக்குப் பயந்து ஒரு அம்மா பாதியிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ரூத்தக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு லயம்வரைக்கும் நடந்துபோய், மீதியைச் சொல்லிவிட்டு வந்தார். "ராத்திரி பூரா அது உள்ளேயே கெடக்கும்ல?" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

இப்போது அந்த சாருக்கு வருகிறேன். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்னொரு பதிப்பு விற்கும். எஸ்டேட்டுக்கு வெல்ஃபேர் ஆபீசராக வந்தவர், கீழ்நாட்டு மலையாளி, தமிழ் நன்றாகவே பேசுவார். பாலில் தண்ணீர் கலக்கிறோமா, சோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வருவார். அன்றைக்கு வந்தபோது பாக்கியத்தின் மகள் எஸ்தர் கத்திக்கொண்டிருந்தாள். நாலு வயசு இருக்கும், தொண்டை என்னமோ நாற்பது வயசுத் தொண்டை. ரூத்தக்கா அவள் பெயரை வைத்துக் கதையை ஆரம்பித்தார். சார் பிள்ளைகளோடு பலகையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை எடுக்காமல் கேட்டார், மீனுக்கும் கிழவனுக்கும் குழந்தை மாதிரி சிரித்தார். எனக்குக்கூட அந்த மனுஷன்மேல் ஒரு மரியாதை வந்தது.

சக்கரத்தம்மா முதல் கேள்வியைக் கேட்கிற நேரம் பார்த்து வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. மழை இறங்கிவிட்டது, ரோடு போய்விடும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். சார் எழுந்தார்.

"முடியலை சார்" என்றார் ரூத்தக்கா. "பிள்ளை உள்ள இருக்கு. வெளிய எடுத்துட்டுப் போங்க."

"பின்னே கேட்டுக்கலாம் ரூத்தம்மே" என்று சிரித்துக்கொண்டே ஓடினார். ரூத்தக்கா நனைந்துகொண்டே ஜீப் வரைக்கும் போனார். "ஒரு நிமிஷம் சார், சீக்கிரம் சொல்லிடுறேன்" என்றது எனக்குக் கேட்டது. ஜீப் போய்விட்டது. ரூத்தக்கா திரும்பி வந்து தலையைத் துவட்டிவிட்டு, எஸ்தருக்கு மீதியைச் சொன்னார். எஸ்தர் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த சார் மட்டும் அவளைக் குழாய்க்குள்ளேயே வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் கிரெச் பக்கம் வரவில்லை, மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒரு புத்தகத்தோடு வந்தார். அட்டையில் நீலக் கவுன் போட்ட ஒரு சிறுமி, எதிரே ராட்சசச் சக்கரம். மலையாளத்தில் எழுதியிருந்ததை டீச்சர் தமிழில் சொல்லச்சொல்ல எனக்கும் ரூத்தக்காவுக்கும் முகத்தில் ஈயாடவில்லை. மீன், கிழவன், பனி எல்லாம் எங்களுடையது. எஸ்டேட், லயம், எஸ்தர் என்ற பெயர்கூட அப்படியே. கடைசிப் பக்கத்தில் சக்கரம் கேள்வி கேட்கிறது. எஸ்தர் பேசாமல் நிற்கிறாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முடிந்தது!

"அடப்பாவி" என்றார் ரூத்தக்கா. அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே கெட்ட வார்த்தை அதுதான்.

எங்கள் ஆத்திரம் எங்களோடு போயிருக்கும். ஆனால் அந்தப் புத்தகம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. எஸ்தர் அப்போது ஒன்றாம் வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகள் சும்மா இருக்குமா? "ஏய், நீ குழாய்க்குள்ள கெடக்குற. படம் போட்டிருக்கு பாரு." முதலில் சண்டை போட்டாள், கடித்தும் வைத்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். பைப்புத் தண்ணீர் குடிக்கமாட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் கை காலெல்லாம் உதறும். ஓடையில் போய்க் கையால் அள்ளிக் குடிப்பாள், அதுவும் அம்மா பக்கத்தில் நின்றால்தான். பாக்கியம் கிரெச்சுக்கு வந்து எங்கள் முன்னால் முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம் பிள்ளை பேரு ஒங்களுக்கு எதுக்குக்கா? வேற பேரா கெடைக்கலை?"

ரூத்தக்கா எஸ்தரை மடியில் உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னார். குறுக்குவழி இல்லாமல், ஒரு மீனைக்கூட விடாமல். பல்பு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். எஸ்தர் கேட்டாள், கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "அது நீங்க சொல்றது. புக்குல அப்படி இல்லையே."

மறுநாள் அவளைக் குழாய்கள் இறங்குகிற சரிவு நெடுக நடத்திக் கூட்டிப்போனோம், பாக்கியம், ரூத்தக்கா, நான். ஒவ்வொரு தாங்கு தூணுக்கும் நின்று, குழாயில் காதை வைத்து, "எஸ்தர்" என்று ரூத்தக்கா கூப்பிடுவார். பதில் வராது. "பாத்தியா, உள்ள யாரும் இல்லை" என்பார். அடுத்த தூண். கீழே பவர்ஹவுஸ் வேலிவரைக்கும் இதே வேலைதான். வாட்ச்மேன் எங்களுக்குப் பைத்தியம் என்றே நினைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் தன் பங்குக்கு, "நான் டெய்லி பாக்குறேன் பாப்பா, ஒரு பிள்ளையும் வரலை" என்று சத்தியம் செய்தார். எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திரும்பி ஏறும்போது ரூத்தக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப புக்குல இருக்கிறது யாரு?"

 அந்த வாரமே ரூத்தக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார், சாரைப் பார்க்க.

சார் அப்போதே பெரிய ஆளாகியிருந்தார். எங்களை நன்றாகத்தான் வரவேற்றார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். நாற்காலி போட்டார், சாயா வரவழைத்தார், தன் வீட்டாரிடம், "இவங்கதான் எனக்கு அந்தக் கதையோட வித்து தந்தவங்க" என்று சொன்னார். ரூத்தக்கா சாயாவைத் தொடவில்லை.

"சார், அந்தப் பிள்ளையை வெளிய எடுத்துருங்க. அடுத்த தடவ அச்சடிக்கையில ஒரு பக்கம் சேத்தாப் போதும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"ரூத்தம்மே, அந்த முடியாமைதான் அதோட பங்கி, அதோட அழகே அதுதான். வெளிய எடுத்துட்டா நாளைக்கே எல்லாரும் மறந்துபோவாங்க."

"மறக்கட்டும் சார். வீட்டுக்குப் போய்ச் சேந்த பிள்ளைய எதுக்கு நெனைக்கணும்? சாயங்காலமானா எல்லாப் பிள்ளையும் போயிரணும், கிரெச்சு காலியாக் கெடக்கணும். அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

சார் சிரித்தார். இதுகூட எழுத வேண்டிய வார்த்தை என்றார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கே ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்கப் பயந்து கிடக்கிறது சார் என்று நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் முகம் வாடியது உண்மை. "குழந்தைகளுக்குச் சீக்கிரம் மறந்துபோவும்" என்றார். புறப்படும்போது புத்தகம் ஒன்றில் கையெழுத்துப் போட்டு ரூத்தக்காவிடம் நீட்டினார். ரூத்தக்கா அதை மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தார். 

எஸ்தர் தேறியது சார் சொன்ன மாதிரி மறந்து இல்லை. பாக்கியம் தினமும் காலையில் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு தம்ளர் பைப்புத் தண்ணீரைத் தான் குடித்துக்காட்டி, அவளையும் குடிக்கவைத்தாள். ஒரு மடக்கில் ஆரம்பித்து ஒரு தம்ளருக்கு வர ஒரு பள்ளி வருஷம் முழுக்க ஆனது. அந்த ஒரு வருஷத்தை எந்தப் பொன்விழா மலரிலும் நான் பார்க்கவில்லை.

அந்தப் புத்தகம் எப்படி இத்தனை காலம் நின்றது என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். கற்பனை வளமாம், மலைநாட்டு மண்வாசனையாம். பள்ளிக்கூட ஆண்டுவிழா ஒன்று விடாமல் அந்த நாடகம் போட்டார்கள். முடிவு எழுதும் போட்டி வைத்தார்கள். ஒரு பிள்ளை எஸ்தரை மீனாக்கியது, ஒரு பிள்ளை ராணியாக்கியது, பரிசு எல்லாம் கொடுத்துவிட்டு, ஆனாலும் சாருடைய மௌனத்துக்கு ஈடாகாது என்று விழாத் தலைவர் பேசினார். டிவியில் வந்தது, பிறகு பொம்மை வந்தது. நீலக் கவுன் படம் போட்டுப் பள்ளிக்கூடப் பை, தண்ணீர் பாட்டில்! தண்ணீர் பாட்டிலிலேயே அந்தப் படத்தைப் போட்டவனை நான் பார்க்க வேண்டும். படித்த பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்தார்கள். பாலக்காட்டிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் "பைப்புக்குட்டி இடம் எது?" என்று புத்தகத்துப் பிள்ளையைக் கேட்டு வண்டி வண்டியாக வந்தார்கள்.

கற்பனையுமில்லை, மண்ணுமில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ஒரு பிள்ளையை இருட்டில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? படித்த அத்தனை பேரும் அந்தப் பிள்ளையைத் தேடித்தான் வருகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே புத்தகம் போடுகிறவர்கள் கதவைத் திறக்காமல் வைத்திருக்கிறார்கள். ரூத்தக்கா இருந்தவரைக்கும் ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் யாரையாவது பிடித்துக் கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொல்வார். அதேதான். அதே சக்கரம்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வருகிறவர்களுக்குக் குழாயைப் பார்த்தால் போதவில்லை. பொம்மையைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். "நிஜமாகவே ஒரு பிள்ளை விழுந்ததா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்ன டிரைவரைவிட ஆமாம் என்று சொன்ன டிரைவருக்குச் சவாரி கூடியது. பிறகு எல்லோரும் ஆமாம் என்றார்கள். கடைக்காரர்களும் டிரைவர்களுமாகச் சேர்ந்து ஒருநாள் சிலுவையை நட்டு, மலையாளத்திலும் தமிழிலும் எஸ்தர் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் சபையில் மெழுகுவத்தி ஏற்றுகிற பழக்கமே கிடையாது. உயிரோடு இருக்கிறவளுக்கு ஏற்றுகிற பழக்கம் எந்தச் சபையில் இருக்கிறது என்று நான் போய்ச் சண்டை பிடித்தேன். "இது வேற எஸ்தர் ஆயா" என்றார்கள், கொஞ்சம்கூடக் கூசாமல்.

எஸ்தர் என்னவோ, "கெடக்கட்டும் விடுங்க ஆயா, நான் அந்தப் பக்கம் பாக்குறதே இல்லை" என்பாள். கொழுந்துக்குப் போவாள், வருவாள். புருஷன் இல்லை. ஒரே மகன் ஜோயல், படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்தவன், இப்போது ஜீப் ஓட்டுகிறான். வியூ பாயிண்டுக்கு ஆள் கூட்டிப்போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தான். அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பஸ் வரவில்லை. பேசிக்கொண்டே நடந்துவிடலாம் என்று நானும் எஸ்தரும் நடந்தோம். சிலுவைப் பக்கம் வந்ததும் அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் பார்த்தேன். ஒரு ஜீப் நின்றது. பக்கவாட்டில் நீலக் கவுன் படம், பெரிதாக எஸ்தர் என்று பெயர். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று சிலுவையைச் சுற்றி நின்றது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன் பேசிக்கொண்டிருந்தான்.

"இந்த எடத்துலதாங்க பிள்ளை உள்ள போச்சு. பாடியே கெடைக்கலை. அவங்கம்மா மட்டும் ரொம்ப வருஷம் சாயங்காலமானா இங்க வந்து நின்னு, எஸ்தரு எஸ்தருன்னு கூப்பிடுவாங்களாம்."

எஸ்தர் நின்றுவிட்டாள். பேசியது ஜோயல். தினமும் ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துக்காட்டின பாக்கியத்தைத்தான் அவன் அங்கே நிறுத்திக் கத்தவைத்துக்கொண்டிருந்தான்.

"டேய்!" என்றேன். என் தொண்டை அவ்வளவு தூரம் எடுக்கும் என்று எனக்கே தெரியாது. "பெத்தவ உசுரோட நிக்கையில பொதைக்கிறியேடா! வெக்கமா இல்லை?"

திரும்பிப் பார்த்தவனுக்கு முகம் செத்துவிட்டது. அம்மா பக்கம் ஓடி வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "அம்மா, சவாரி நிக்குது. வீட்டுல வந்து பேசிக்கலாம், போங்கம்மா."

"யாருடா செத்தது?" என்றாள் எஸ்தர்.

"எல்லா டிரைவரும் சொல்றதுதான்மா. நான் மட்டும் இல்லைன்னா எவன் என் வண்டியில ஏறுவான்? நீங்க சாகலைன்னு சொன்னா இங்க பாக்க என்ன இருக்கு?"

அதை அவன் கெட்ட மனசோடு சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கணக்குப் பாடம் மாதிரி சொன்னான். எஸ்தர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் குடும்பத்தாருக்கும் விஷயம் அரைகுறையாகப் புரிந்துவிட்டது. பெரியவர் ஒருவர், "ஏனுங்க, அப்ப இவங்கதானுங்களா அது? எல்லாம் பொய்யிங்களா?" என்று ஜோயலைக் கேட்டார். ஒரு அம்மா போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். அவர்களோடு வந்த பெண்குழந்தை, ஆறேழு வயசிருக்கும், கையில் ஏற்றாத மெழுகுவத்தியோடு எஸ்தரிடம் வந்தது.

"நீங்கதானுங்களா எஸ்தரு?"

"ஆமா கண்ணு."

"எப்புடீங்க வெளிய வந்தீங்க?"

 எஸ்தர் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, வழி கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வரலை கண்ணு. விடமாட்டேங்காங்க."

"யாருங்க?"

எஸ்தர் மகன் பக்கம் திரும்பவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டில் நடந்தாள். நான் அவள் பின்னால் ஓடினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. சவாரியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறான். எங்கள் நடைக்குத் தகுந்த மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டே, "ஏறுங்கம்மா, ஏறுங்க, காலு வலிக்கும், ஆயாவையாவது ஏறச் சொல்லுங்க" என்று கெஞ்சினான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை. அவள் பெயரை எழுதின கதவு அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

லயம் வரைக்கும் அவள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.